வெள்ளிக்கிழமைக்கு வைத்த விஷயம்

சிவபாதசுந்தரம் கணினிச் சேர்வர் தெரிவுசெய்த விதம், பெண் பார்க்கப் போகிற பெரியப்பாமாரின் விதம். எந்த ஊர், என்ன குடும்பம், எத்தனை பேர் வெளிநாட்டில் என்று விசாரித்துவிட்டு, வைத்த பலகாரத்தைச் சாப்பிட்டு எழும்பிவிடுவார். பிள்ளைக்குக் கண் தெரியுமா, காது கேட்குமா என்று பார்ப்பது பிறிஜெற்றின் வேலை. பார்த்துச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

அது 2006ஆம் ஆண்டு. கொழும்பு, கொள்ளுப்பிட்டியில் காலி வீதியைப் பார்த்து நின்ற ஒரு காப்புறுதிக் கம்பனி. அதன் கணினிப் பகுதிக்குத் தலைவர் சிவபாதசுந்தரம். யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளவத்தையில் கடற்பக்கமாகச் சொந்தமாக ஒரு பிளற் வீடு, வெயில் கொளுத்தினாலும் கழற்றாத கோட். பிறிஜெற் அவருக்குக் கீழே நெடுங்காலம் வேலை செய்த எஞ்சினியர். கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே துறைமுகத்தில் வேலை செய்த கிளறன்ஸ் என்பவனைக் கட்டியவள். அவள் கதைப்பதைக் கேட்டுவிட்டு, "உது கொட்டாஞ்சேனைத் தமிழ்" என்று அவர் நாலு பேருக்கு முன்னால் சிரிப்பார். அவள் திருப்பிச் சிரிக்கமாட்டாள். அந்த மனிதர் மேல் அவளுக்கு இருந்தது கோபமல்ல. கோபமென்றால் ஒருநாள் ஆறிவிடும். இது சாப்பாட்டில் தலைமயிரைக் கண்டால் வருகிற அருவருப்பு.

கம்பனிக்குப் புதிதாக ஒரு ஜாவா சேர்வர் வேண்டும் என்று முடிவாகியிருந்தது. நாட்டிலுள்ள கிளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்பதை வாங்கி, ஜாவாவில் எழுதிய நிரல்களை ஓடவிட்டு, விடையைத் திருப்பிக் கொடுக்கிற நடு ஆள்தான் அந்தச் சேர்வர். அந்த நடு ஆள் மயங்கி விழுந்தால் கண்டியில் ஒருவன் காருக்குக் காப்புறுதி புதுப்பிக்க முடியாது. பரீட்சைக்கு இரண்டை எடுத்தார்கள். ஒன்று பெரிய விலை. ரை கட்டிய விற்பனைக்காரர்கள் வழவழப்பான புத்தகங்களோடு கொண்டுவந்தது. மற்றது யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கந்தோரில் முதலாவதற்குச் சீமான் என்று பெயர் விழுந்தது. இரண்டாவதை ஓசி என்றார்கள்.

எதற்கு எத்தனை புள்ளி என்பதைச் சிவபாதசுந்தரமே வகுத்தார். விற்பவரின் கீர்த்திக்கு இருபது. புத்தகத்தின் தரத்துக்குப் பத்து. மத்தியானம் கிளைகள் எல்லாம் ஒன்றாக நெருக்கும்போது விழாமல் நிற்பதற்கும் அதே பத்துத்தான். இதைப் பார்த்த பிறிஜெற், "சேர், ஓசிக்கு நல்ல புத்தகம் ஒண்டு நானே எழுதித் தாறன், அந்தப் பத்தையும் குடுப்பமா?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார். அவருக்குப் பதில் வராத இடமெல்லாம் கண்ணாடி அழுக்காகிவிடும்.

சீமான் மத்தியானத்தில் விழுந்து படுத்தான். தரவுக் களஞ்சியத்திடம் வாங்கிய இணைப்புகளை வேலை முடிந்த பின்னும் திருப்பிக் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது, எல்லோரும் வாசலில் நிற்பார்கள். சிவபாதசுந்தரத்திடம் இருந்த வைத்தியம் ஒன்றேதான்: மெமரியைக் கூட்டு, நிற்பாட்டித் திரும்பப் போடு. தலையிடிக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஒரே வெள்ளைக் குளிசையைக் கொடுக்கிற அரசாங்க டிஸ்பென்சரிக்காரர் கூட இரண்டாம் நாள் ஆளை ஒருக்கால் நிமிர்ந்து பார்ப்பார். இவர் பார்க்கமாட்டார். பிறிஜெற் இருந்து, எந்த நிரல் திருப்பிக் கொடுக்காமல் போகிறது என்று தேடிப் பிடித்துச் சரிசெய்தாள். சீமான் எழும்பி நின்றதும், "பாத்தீங்களே, விலைக்கேற்ற சாமான்" என்றார் அவர்.

அவருக்கு இது புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் பழைய சேர்வர் நாள்தோறும் செத்துக்கொண்டிருந்த காலத்தில், காரணத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பிறிஜெற் அதை லிப்ற்றுக்குள் வைத்தே அவருக்குச் சொல்லிவிட்டாள். அவள் மூன்றாம் மாடியில் இறங்க, அவர் ஆறாம் மாடி வரைக்கும் போனார். போய்ப் பெரிய முகாமையாளரிடம், "கண் முழிச்சிருந்து பிடிச்சனான்" என்று சொன்னார். அந்த வருடம் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டுக்கு அவரைத்தான் அனுப்பினார்கள். வரும்போது அவளுக்கு ஒரு சாவிக்கோர்வை வாங்கி வந்தார். அதை அவள் அவர் பார்க்கத்தக்கதாகக் குப்பைக் கூடைக்குள் போட்டாள்.

சீமானிடம் ஒரு வித்தை இருந்தது. யார் எந்நேரம் உள்ளே வந்தார்கள், எதைப் பார்த்தார்கள், எப்போது போனார்கள் என்று நாளாந்தம் நிறம் நிறமாக ஒரு பாதுகாப்பு றிப்போட் அச்சடித்துக் கொடுப்பான். சிவபாதசுந்தரம் அதில் சொக்கிப்போனார். கம்பனியின் பாதுகாப்பு அதிகாரி மேஜர் ஹப்புகொடவின் மேசைக்கு அது காலையில் போய்ச்சேர வேண்டும் என்று தானே ஏற்பாடு செய்தார். மேஜர் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர், எதையும் வாசித்து முடிக்கிற வழக்கமுள்ளவர். இப்படி ஒரு மனிதரிடம் இப்படி ஒரு காகிதத்தைக் கொடுக்கிறோமே, அதில் இருப்பது சரியா என்று ஒருக்கால் பார்ப்போம் என்று சிவபாதசுந்தரத்துக்குத் தோன்றவில்லை. நிறம் நன்றாக இருந்தது, அவருக்கு அது போதும்.

அந்தச் சித்திரை வருடப்பிறப்போடுதான் நாடு தன் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தது. பத்து வருடத்துக்கு முன் மின்சாரம் மிச்சம்பிடிக்க முன்னுக்குத் தள்ளிய நேரம். வேண்டாமென்று இப்போது பழையபடி இந்திய நேரத்துக்கே திரும்பியாகிவிட்டது. வீட்டுக்கு வீடு கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைத் திருப்பினார்கள். கந்தோர் இயந்திரங்களின் கடிகாரங்களையும் யாரோ திருப்பினார்கள். சிவபாதசுந்தரம் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: கணினிப் பகுதி நேரமாற்றத்தை வெற்றிகரமாக நிறைவேற்றிவிட்டது.

அதன் பிறகு சீமானை வைத்துப் பரீட்சித்துக்கொண்டிருந்தவன் யோகநாதன். படித்து முடித்து வந்த கையோடு சேர்ந்த இளம் எஞ்சினியர், ஊர் வடமராட்சி, இருப்பு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில். அடக்கமான வேலைக்காரன். ஒரேயொரு கெட்ட பழக்கம், ஐந்தரை அடித்தால் எழும்பிவிடுவான். எழும்பாமல் என்ன செய்வது? பொழுதுபட்டால் பம்பலப்பிட்டிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிற்பாட்டி இறக்குவார்கள். ஐ.சி.யில், அதுதான் அடையாள அட்டையில், பிறந்த ஊரைப் பார்த்ததும் மற்றவர்கள் ஏறிப் போய்விடுவார்கள், இவன் நிற்பான். தங்குகிற இடத்தைப் பொலிஸில் பதிந்த துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே லொட்ஜுக்குள் போய்விடுவதுதான் அந்தக் காலத்துத் தமிழ்ப் பெடியன்களின் ஒரே புத்தி. சிங்களப் பெடியன்கள் ஏழு எட்டு மணி வரைக்கும் இருந்து வேலை செய்தார்கள். மேலிடத்தில் அவர்களுக்குத்தான் நல்ல பெயர்.

வினை அந்தப் பழக்கத்தாலேயே வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மேஜர் யோகநாதனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிவபாதசுந்தரமும் பிறிஜெற்றும் இருந்தார்கள். மேசையில் சீமானின் வர்ணக் காகிதங்கள். யோகநாதனின் பாஸ்வேர்டில் யாரோ மாலை ஆறு மணி வரைக்கும் உள்ளே இருந்திருக்கிறார்கள், ஒருநாள் இரண்டுநாள் அல்ல, நாளாந்தம். வாசல் காவலாளியோ அவன் ஐந்தரைக்கெல்லாம் வெளியே போனதாகச் சொல்கிறான். ஆள் போன பிறகு உள்ளே இருந்தது யார்?

அந்த நேரத்தில் பார்த்திருந்த கோப்பும் சாதாரணமானதல்ல, வாகனக் காப்புறுதிக் கோப்பு. நம்பர்த் தகடு, சொந்தக்காரரின் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் அதில் இருக்கும். இராணுவத்துப் பெரியவர்கள் பலரும் அந்தக் கம்பனியில்தான் காரைக் காப்புறுதி செய்திருந்தார்கள். கொழும்பில் குண்டு வெடிக்கத் தொடங்கியிருந்த மாதங்கள் அவை. யுத்தநிறுத்தம் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் மட்டும் மிச்சமிருந்தது. இந்தக் குற்றச்சாட்டின் கனம் அறையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

"சேர், நான் அஞ்சரைக்கே வெளிக்கிட்டிடுவன். பாஸ்வேர்ட் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை" என்றான் யோகநாதன். முதலில் இங்கிலீஷில் சொன்னான், பிறகு தெரிந்த சிங்களத்தில் சொன்னான், கடைசியில் தமிழில் சிவபாதசுந்தரத்தைப் பார்த்துச் சொன்னான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே சொன்னனான், லொட்ஜில இருக்கிற ஆக்களை எடுக்கேக்க யோசிக்கவேணும் எண்டு" என்று இங்கிலீஷில் மேஜருக்குச் சொன்னார். அப்படி அவர் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அவனை நேர்முகப் பரீட்சை வைத்து எடுத்தவரே அவர்தான், தன் மனைவியின் ஊர்க்காரன் என்று. பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது என்று கேட்டிருப்பீர்கள். இங்கே மாடு கோட் போட்டுக்கொண்டு வந்து மிதித்தது.

மேஜர் அவரையும் யோகநாதனையும் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம், அன்று சேர்வர் தெரிவுக் குழு கூடுகிறதுதானே, அதற்குள் கணினிப் பகுதி விளக்கம் தரட்டும் என்று அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை காலை பிறிஜெற் தன் மேசையில் இருந்துகொண்டு சீமானுக்குள் ஒருதரம் போய் வந்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். அவன் எழுதிய நேரத்தைப் பார்த்தாள். அரை மணித்தியாலம் கூட. ஓசிக்குள் போய் வந்தாள். அது சரியான நேரத்தை எழுதியிருந்தது. சீமானைத் தொடக்கிவிடுகிற கட்டளைக் கோப்பைத் திறந்தாள். அதில் ஒரு வரி, விற்பனைக்காரரின் புத்தகத்தைப் பார்த்துச் சிவபாதசுந்தரம் தன் கையாலேயே தட்டிய ஒரே வரி: நீ கொழும்பில் இருக்கிறாய், கொழும்பு நேரத்தை எடு. ஜாவா சொல்வழி கேட்டது. ஆனால் அந்த ஜாவாவைச் செய்தவர்கள் அதற்குச் சொல்லிக்கொடுத்த கொழும்பு நேரம் நேரமாற்றத்துக்கு முந்தினது. நாடு பின்னுக்குப் போய்விட்டது, இயந்திரமும் போய்விட்டது, சீமான் மட்டும் போகவில்லை. ஓசிக்கு அப்படி ஒருவரும் ஒன்றும் சொல்லாதபடியால் அது பேசாமல் இயந்திரத்தின் நேரத்தைப் பார்த்து எழுதியது.

ஆக, யோகநாதன் ஐந்தரைக்கு எழும்ப, சீமான் ஆறு என்று எழுதினான். மற்றவர்களுக்கும் அப்படித்தான் எழுதினான், ஆனால் அவர்கள் ஏழு எட்டு மணி வரைக்கும் மற்ற வேலைகளில் இருந்தபடியால் ஒருவருக்கும் இடிக்கவில்லை. காலையிலும் எல்லோரும் அரை மணித்தியாலம் பிந்தித்தான் வேலை தொடங்கியதாக அந்தக் காகிதம் சொன்னது. அதை ஒருவரும் கேட்கவில்லை. காலையில் அரை மணித்தியாலம் பிந்தினால் சோம்பல். தமிழனின் பெயரில் மாலையில் அரை மணித்தியாலம் பிந்தினால் சதி.

பிறிஜெற் கதிரையில் சாய்ந்து சத்தமாகவே சிரித்தாள். இவ்வளவுதானா! மேஜரின் அறை அதே மாடியில், தாழ்வாரத்தின் அந்தத் தொங்கலில். எழும்பிப் போய்ச் சுவர் மணிக்கூட்டைக் காட்டினால் பிளேன்ரீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எழும்பினாள்தான். எழும்பியபோது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சிவபாதசுந்தரம் தெரிந்தார். விற்பனைக்காரர்களோடு தொலைபேசியில் குழைந்துகொண்டிருந்தார். லிப்ற் ஞாபகம் வந்தது. இப்போது போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? மேஜர் இவரைக் கூப்பிடுவார். இவர், "ஓம், நாங்கள் சந்தேகப்பட்டதுதான்" என்பார். அந்த வரியை ஓசையில்லாமல் அழித்துவிடுவார். வெள்ளிக்கிழமை சீமானுக்கு மாலை விழும். வேண்டாம். வெள்ளிக்கிழமை பெரிய முகாமையாளர் இருப்பார், குழு முழுக்க இருக்கும். அத்தனை பேருக்கு முன்னால் அந்த வரியைத் திரையில் பெரிதாகப் போட்டு, இது யார் எழுதியது சேர் என்று கேட்கவேண்டும். அந்த மனிதர் எவ்வளவு நேரம் கண்ணாடி துடைக்கிறார் என்று பார்க்கவேண்டும்.

அவள் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு யோகநாதன் வந்து பக்கத்தில் நின்றான். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"அக்கா, ஏதும் தெரிஞ்சுதோ?"

"நீர் ஒண்டுக்கும் பயப்படாதேயும். வெள்ளிக்கிழமை பாரும், ஒரு கூத்து இருக்கு."

"உண்மையாவோ அக்கா?"

"என்ர சொல்லில நம்பிக்கை இல்லையா? போய் வேலையைப் பாரும்."

அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. போய் வேலையைப் பார்த்தான்.

அன்று பொழுதுபடக் கொட்டாஞ்சேனை வீட்டில், துறைமுகத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த கிளறன்ஸுக்கு அவள் இதைச் சொன்னாள். சொல்லும்போது சிவபாதசுந்தரத்தைப் போல நடித்தும் காட்டினாள். கிளறன்ஸ் சிரித்தான். பிறகு சிரிப்பை நிற்பாட்டினான்.

"அப்ப அந்தப் பொடியனுக்கு இன்னும் தெரியாதா?"

"வெள்ளிக்கிழமை தெரியத்தானே போகுது."

"நாளைக்கே சொல்லிப்போடு பிறிஜெற். இந்த நேரத்தில இதெல்லாம் விளையாட்டு இல்ல."

"நாளைக்குச் சொன்னா அந்தாள் அதையும் தன்ர பேரில எழுதிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியாது அந்தாளை."

"அந்தாளை விடு. பொடியன்ட பாடு?"

"மேஜர் வெள்ளிக்கிழமை எண்டு வாயால சொன்னவர். ஒரு நாளில என்ன வரப்போகுது?" என்று அவள் சோற்றைப் போட்டாள். வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

வியாழக்கிழமை என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. சிவபாதசுந்தரத்துக்கு இருந்து பார்க்கப் பொறுமை இல்லை. தமிழன் ஒருவன் மாட்டினால் அவனை வேலைக்கு எடுத்த தமிழனையும் கேட்பார்கள் என்ற கணக்கு அவருக்கு இரவு முழுக்க ஓடியிருக்கிறது. தான் மாட்டுவதற்கு முன் கை கழுவிவிடவேண்டும். காலையில் மேஜருக்கும் பெரிய முகாமையாளருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டார்: சேர்வர் உலகத்தரமானது, அதன் றிப்போட்டில் பிழைக்கு இடமேயில்லை, கணினிப் பகுதியின் விளக்கம் இதுதான், இந்த உத்தியோகத்தரின் நடவடிக்கைகளுக்குத் தனக்கு எவ்விதப் பொறுப்பும் கிடையாது. கேட்காமலே லொட்ஜின் விலாசத்தையும் கீழே போட்டார். துறைத் தலைவரே உறுதி சொன்ன பிறகு மேஜர் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரசாங்கப் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவித்துவிட்டார். மாலையில், யோகநாதன் வழக்கம்போல வெளிச்சத்தோடே லொட்ஜுக்குப் போய், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்ட நேரம், அவனைக் கொண்டுபோக ஒரு வான் வாசலில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை காலை பிறிஜெற் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். திரையில் காட்ட வேண்டியதெல்லாம் ஆயத்தம். யோகநாதனின் கதிரை வெறுமையாக இருந்தது. பக்கத்து மேசை ஸமீமா அழுதுகொண்டே சொன்னாள்.

"நேத்துப் பின்னேரம் லொட்ஜுக்கு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். எங்கண்டு தெரியாதாம். லொட்ஜ்காரர் இப்பதான் கோல் எடுத்தார்."

பிறிஜெற் மேஜரின் அறைக்கு ஓடினாள். கதவைத் தட்டவில்லை. அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் மேசைக்குக் கூட்டிவந்து, சீமானைக் காட்டி, சுவரைக் காட்டினாள். விளக்கத் தொடங்கி முதல் வசனத்தை முடிக்கவில்லை, அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. அவர் வன்னி எல்லையில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் கடமை செய்தவர். பத்து வருடத்துக்கு முன் அரசாங்கம் முன்னுக்குத் தள்ளிய நேரத்தை, இயக்கத்தின் கையில் இருந்த வன்னி எந்தக் காலத்திலும் ஏற்கவில்லை. நடுவே இருந்த சூனியப் பிரதேசத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நேரம், இந்தப் பக்கம் ஒரு நேரம். அரை மணித்தியால வித்தியாசம் என்றால் என்ன, அதனால் எவ்வளவு வில்லங்கம் வரும் என்று சிவபாதசுந்தரத்தை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஐயோ மிஸ், ஈயே கிவ்வனம்!" என்றார். நேற்றுச் சொல்லியிருந்தால்! நேற்று மத்தியானம் வரைக்கும் அது தன் மேசையில்தான் கிடந்தது என்றார். இது எப்போது தெரியும் என்று கேட்டார். புதன்கிழமை என்று அவள் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்தார். ஒரு இடத்தில் இன்னொரு இடத்தைச் சொன்னார்கள், அந்த இடத்தில் திங்கட்கிழமை எடுக்கச் சொன்னார்கள். பிடித்துக் கொடுக்க ஒரு மின்னஞ்சல் போதும், விடுவிக்க எந்த வாசலில் நிற்பது என்று மேஜருக்கே தெரியவில்லை.

தெரிவுக் குழு குறித்த நேரத்தில் கூடியது. பிறிஜெற் அந்த வரியைத் திரையில் போட்டாள். தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வியைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். சிவபாதசுந்தரம் கண்ணாடியைத் துடைக்கவேயில்லை. "ஓம், நேரமாற்றத்தோட வந்த ஒரு சின்னப் பிரச்சினை. எங்கட பகுதியே அதைக் கண்டுபிடிச்சிட்டுது" என்று பெரிய முகாமையாளருக்கு இங்கிலீஷில் சொன்னார். பெரிய முகாமையாளர் தலையை ஆட்டினார். பிழை சேர்வரில் இல்லை, ஒரு வரியில்தான் என்று குழு கண்டது. மாறாக, பாதுகாப்பு விஷயத்தில் சீமான் எவ்வளவு விழிப்பாக இருக்கிறான் என்பது இந்தச் சம்பவத்தால் நிரூபணமாகியிருக்கிறது என்று கணக்குப் பகுதித் தலைவர் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. சீமான் நல்ல புள்ளியோடு தேறினான். கேக்கும் பற்றீசும் வந்தன. மேஜர் மட்டும் சாப்பிடாமல் எழும்பிப் போனார்.

யோகநாதனை விட்டது ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து. மேஜர் எழுதிய கடிதங்கள் உதவினவாம், யாரோ ஒரு பாதிரியாரும் அலைந்தாராம். பிறிஜெற்றும் அலைந்தாள், கிளறன்ஸையும் கூட்டிக்கொண்டு. செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைக் கந்தோர், பொலிஸ் நிலைய வாங்கு என்று ஏறாத படியில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளே தன்னைச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அலைகிற நேரமெல்லாம் அவள் மனது சிவபாதசுந்தரத்தைத்தான் வைதுகொண்டிருந்தது. அந்த மின்னஞ்சல் இல்லாவிட்டால்! அந்த விலாசம் இல்லாவிட்டால்! நாய்க்குப் பிறந்த மனிதன்! அவரை வைவதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

வேலையை விட்டு நீங்கும் கடிதம் வாங்க அவன் கந்தோருக்கு வந்தான். வெளிநாடு போக ஒழுங்காகியிருந்தது. ஆள் பாதியாகியிருந்தான். முதலில் சிவபாதசுந்தரத்தின் அறைக்குப் போனான். கண்ணாடித் தடுப்பால் பிறிஜெற் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழும்பி நின்று அவன் தோளில் தட்டினார், அவன் குனிந்து நன்றி சொன்னான். பிறகு அவளிடம் வந்து, இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு எதிரே இருந்தான்.

"அந்தாளுக்கு என்னத்துக்கு நன்றி?" என்றாள் பிறிஜெற். "அந்தாள்தானே உம்மைப் பிடிச்சுக் குடுத்தது. விலாசமும் குடுத்து."

"தெரியும் அக்கா. அங்க அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் கேட்டவை."

"தெரிஞ்சுமா?"

"அக்கா, உங்களிட்ட ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

"மேஜர் சொன்னவர், நீங்கள் புதன்கிழமையே கண்டுபிடிச்சிட்டீங்களாம்."

"ஓம்."

"நான் நினைச்சனான், உங்களுக்கு வடிவாச் சரிபாக்க நாள் வேணும்போல எண்டு. அங்க அவை கேக்கேக்கையும் அதைத்தான் சொன்னனான். எங்கட கந்தோரில ஒரு அக்கா பாத்துக்கொண்டிருக்கிறா, வெள்ளிக்கிழமை அவ கண்டுபிடிச்சிடுவா, அதுக்குப் பிறகு நீங்களே விட்டிடுவீங்கள் எண்டு. வெள்ளிக்கிழமையும் போச்சுது. பிறகு அதைச் சொல்லேக்க அவை சிரிச்சவை."

"அந்தாள் அந்த ஈமெயிலைப் போடாட்டி..." என்று தொடங்கினாள்.

"சேர் பயந்தவர், அக்கா" என்றான் யோகநாதன். அவன் குரலில் கோபம் இல்லை, அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது. "அவருக்கும் வெள்ளவத்தையில பிள்ளையள் இருக்கினம். தன்னையும் கொண்டுபோயிடுவாங்கள் எண்டு பயத்தில செய்தவர். அது எனக்கு விளங்குது. நானும் அங்க பயத்தில எத்தினையோ பேற்ற பேரைச் சொன்னனான். ஆனா உங்களுக்கு ஒரு பயமும் இருக்கேல்லையே. நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

காரணம் அவளுக்குத் தெரியும். இவனுக்கு முன்னால் அதைச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். ஒரு மனிதனின் முகம் நாலு பேருக்கு முன்னால் சுருங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், அதற்கு நீர் இரண்டு நாள் காத்திருக்கலாம் என்று நினைத்தேன். இதை எந்தத் தமிழில் சொல்வது?

யோகநாதன் மரியாதையோடு காத்திருந்தான். பிறகு கடிதத்தை நல்ல கையால் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பினான்.

"சரி அக்கா, வாறன். பொழுதுபட முதல் போகவேணும்" என்றான்.